மனநலப் பயிற்சிக்குச் செல்லும் செவிலிய மாணவியரை யார் பார்த்துக்கொள்வது?

அறுவைச் சிகிச்சை வார்டில் மாணவி ஊசி போடும்போது நான் அவள் தோளுக்குப் பின்னால் நிற்கலாம். ஊசி தப்பான இடத்தில் இறங்கப்போகிறது என்று தெரிந்தால் கையைப் பிடித்து நிறுத்திவிடலாம். மனநல வார்டில் பிடித்து நிறுத்தக் கை இல்லை. அங்கே அவளுடைய வேலை பேச்சு. ஸ்டூலை இழுத்துப் போட்டு ஒரு நோயாளிக்கு எதிரே உட்கார்ந்திருக்கிறாள். நான் பக்கத்தில் போய் நின்றால் நோயாளி என்னைப் பார்த்துப் பேசத் தொடங்குவார், இல்லாவிட்டால் வாயை மூடிக்கொள்வார். நான் தள்ளி நின்றால் என்ன பேசினார்கள் என்பது எனக்குத் தெரியாது.

மூன்றாம் ஆண்டுக்குக் கால அட்டவணை போடும் பருவத்தில் எந்த நர்சிங் கல்லூரியிலும் எழுகிற கேள்வி இது: மனநலப் போஸ்டிங்கில் பிள்ளைகளை மேற்பார்வை செய்வது யார்? கல்லூரி ஆசிரியரே நாள் முழுவதும் கூட இருப்பதா, வார்டு செவிலியரின் பொறுப்பில் விட்டுவிடுவதா, இருவரும் பங்கிட்டுக்கொள்வதா? மூன்றையும் வெவ்வேறு ஆண்டுகளில் செய்து பார்த்தவள் என்ற முறையில் எழுதுகிறேன். பையன்களும் படிக்கிறார்கள். எங்கள் வகுப்புகளில் பெண்களே அதிகம் என்பதால் மாணவியர் என்றே சொல்லிப் போகிறேன்.

முதலில் கணக்கு. இந்திய நர்சிங் கவுன்சிலின் பருவமுறைப் பாடத்திட்டப்படி பி.எஸ்சி. நர்சிங்கில் ஐந்தாம் பருவத்தில் 80 மணி நேரம், ஆறாம் பருவத்தில் 160 மணி நேரம் மனநலப் பயிற்சி. வாரம் 30 மணி என்றால் மொத்தம் 8 வாரம். உள்நோயாளி வார்டுக்கு 4 வாரம், புறநோயாளிப் பிரிவுக்கு 2 வாரம், குழந்தைகள் வழிகாட்டுப் பிரிவுக்கு ஒரு வாரம், சமூக மனநலத்துக்கும் போதை மீட்புக்கும் சேர்த்து ஒரு வாரம். பத்துப் பேருக்கு ஓர் ஆசிரியர் என்பது கவுன்சில் வகுத்த விகிதம். அந்த ஆசிரியர் வார்டில் எங்கே நிற்க வேண்டும், யாரிடம் என்ன கேட்க வேண்டும் என்பதை விகிதம் சொல்வதில்லை. ஆய்வுக்கு வருகிறவர்கள் பார்ப்பது பதிவேட்டில் கையெழுத்து இருக்கிறதா என்பதைத்தான்.

ஆசிரியரே கூட இருக்கும் ஏற்பாடுதான் பெரும்பாலான கல்லூரிகளின் வழக்கம். கல்லூரிப் பஸ்ஸில் பிள்ளைகளோடு ஏறி, வருகை எடுத்து, ஆளுக்கு ஒரு நோயாளியைப் பிரித்துக் கொடுத்து, மதியம் அதே பஸ்ஸில் திரும்புவது. இதன் பலம் முதல் மூன்று நாளில் தெரியும். பூட்டிய கதவு திறந்து பின்னால் மறுபடி பூட்டப்படும் ஓசையைக் கேட்டதுமே சில பிள்ளைகளுக்குக் கை சில்லிட்டுப் போகும். சினிமாவில் பார்த்துச் சேர்த்துவைத்த பயம் அது. யாராவது ஒரு நோயாளி வேகமாக நடந்து வந்தால் பத்துப் பேரும் ஒருவர் பின்னால் ஒருவர் ஒதுங்குவார்கள். அப்போது தெரிந்த முகம் ஒன்று பக்கத்தில் இருந்து, வந்தவரிடம் "வாங்க அம்மா, சாப்பிட்டீர்களா?" என்று இயல்பாகக் கேட்பதைப் பார்ப்பது, ஒரு மணி நேர வகுப்பை விடப் பயன்படும்.

நான்காம் நாளிலிருந்து அதே பலம் தடையாக மாறுகிறது. பிள்ளைகள் ஆசிரியரைச் சுற்றியே நிற்கிறார்கள். வார்டின் வேப்பமரத்தடியில் பத்துச் சீருடைகள் வட்டமாக நின்று கேர் பிளான் என்ற பராமரிப்புத் திட்டத்தை எழுதிக்கொண்டிருக்க, நோயாளிகள் வராந்தாவில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கும் காட்சியை நான் பல முறை பார்த்திருக்கிறேன். சில முறை அந்த வட்டத்தின் நடுவில் நின்றதும் நானேதான். இன்னொன்று, ஆசிரியர் அந்த வார்டுக்கு விருந்தாளி. நேற்று இரவு யார் தூங்கவில்லை, யாருக்கு மருந்து மாற்றினார்கள், யாருடைய அண்ணன் வந்து பார்க்காமலே திரும்பிப் போனார் என்பது அவருக்குத் தெரியாது. கேஸ் ஷீட்டில் இருப்பதுதான் தெரியும். கேஸ் ஷீட்டை மாணவியும் படிப்பாள்.

துறை சார்ந்த ஆசிரியர் கிடைக்காத சிக்கலும் உண்டு. மனநலச் செவிலியத்தில் எம்.எஸ்சி. முடித்தவர் ஒரே ஒருவர் இருக்கும் கல்லூரியில், கூடப் போவது யாரோ ஒரு டியூட்டர். மகப்பேறு படித்தவரை மனநல வார்டுக்கு அனுப்பினால் அவரும் பிள்ளைகளோடு சேர்ந்துதான் பயப்படுவார். அதைக் குறையாகச் சொல்லவில்லை. பயத்தை மறைக்க அவர் பிள்ளைகளை எழுத்து வேலையில் உட்காரவைத்துவிடுவார் என்பதுதான் சிக்கல்.

வார்டு செவிலியரிடம் ஒப்படைப்பது இரண்டாவது வழி. நல்ல மனநலச் செவிலியர் ஒருவருடன் இரண்டு வாரம் நிற்கக் கொடுத்துவைத்த மாணவி, எங்கள் யாராலும் சொல்லித்தர முடியாததைக் கற்றுக்கொண்டு வருவாள். ஒரு மூத்த சிஸ்டரை நினைத்துப் பார்க்கிறேன். மாத்திரை கொடுக்கும் நேரத்தில் அவர் டம்ளரை நீட்டிவிட்டு நகர மாட்டார். "பேத்திக்குப் பள்ளிக்கூடம் திறந்தாச்சா, பாட்டி?" என்பார். பாட்டி பதில் சொல்ல வாயைத் திறந்தாக வேண்டும். மாத்திரை நாக்கின் அடியில் இருக்கிறதா, போய்விட்டதா என்பது அந்தப் பதிலிலேயே தெரிந்துவிடும். "வாயைத் திற, காட்டு" என்ற அதட்டல் தேவைப்படவில்லை. எரிச்சலில் இருக்கும் நோயாளியிடம் பேசும்போது நேர் எதிரே நிற்காமல் சற்றுப் பக்கவாட்டில், கதவுக்கு வழி விட்டு நிற்பார். இதையெல்லாம் அவர் பாடமாகச் சொன்னதே இல்லை. பக்கத்தில் நின்றவர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

பக்கத்தில் நின்றால் கெட்டதும் ஒட்டும். நோயாளியை ஒருமையில் அழைப்பது, பெயருக்குப் பதில் படுக்கை எண்ணைச் சொல்வது, "சொன்னபடி கேட்காவிட்டால் கரண்ட் வைத்துவிடுவார்கள்" என்று மிரட்டுவது. கடைசியாகச் சொன்னதை ஒரு மாணவி தன் நோயாளியிடம் சொல்லக் கேட்டு அதிர்ந்துபோனேன். மயக்க மருந்தும் தசைத் தளர்வு மருந்தும் இல்லாமல் மின்னதிர்வு சிகிச்சை அளிப்பதை 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தடை செய்திருக்கிறது என்று தேர்வில் சரியாக எழுதியவள் அவள். வார்டில் பத்து நாள் கேட்ட மொழி, புத்தகத்தை வென்றுவிட்டது.

ஆள் பற்றாக்குறை வேறு. ஒரு ஷிஃப்டில் ஒரே சிஸ்டர் இருக்கும் வார்டில் மாணவியர் வந்தால் அவர்கள் உதவிக்கு வந்த கைகள். குளிக்கவைக்க, தலைவார, ரத்த அழுத்தம் பார்க்க, ஓ.பி.க்கு அழைத்துப் போக. இவை செவிலிய வேலைகள்தான், செய்யட்டும். ஆனால் நாள் முழுவதும் அதுவே என்றால், உட்கார்ந்து பேசும் அரை மணி நேரம் எங்கே? அந்தச் சிஸ்டரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. கற்பிப்பதற்கென்று அவருக்கு நேரமும் இல்லை, படியும் இல்லை, ஒரு நன்றிக் கடிதம்கூடக் கல்லூரி அனுப்புவதில்லை.

இந்த ஏற்பாட்டில்தான் எங்களுக்கு அந்தச் சம்பவம் நடந்தது. எந்த மருத்துவமனை என்பது வேண்டாம். அந்த ஆண்டு ஆசிரியர் பற்றாக்குறையால் உள்நோயாளி வார்டுப் பயிற்சி முழுவதையும் வார்டிடமே விட்டிருந்தோம். பெண்கள் பிரிவில் ஒரு நோயாளி, முப்பத்தைந்து வயதிருக்கும், தனக்குக் கொடுத்த மாணவியிடம் நன்றாகப் பேசுவார். ஒரு நாள், "பாப்பா, உன்னிடம் மட்டும் சொல்கிறேன், யாரிடமும் சொல்லாதே" என்று தொடங்கி, இரவு மாத்திரைகளை விழுங்காமல் சேர்த்துவைப்பதாகச் சொன்னார். மாணவி சத்தியம் செய்து கொடுத்துவிட்டாள். இரண்டு நாள் கழித்து உறை மாற்றிய பணியாளர் அம்மாவின் கையில் தலையணையிலிருந்து ஏழு மாத்திரைகள் கொட்டின. யாருக்கும் எதுவும் ஆகவில்லை. ஆகாமல் போனதற்கு எங்கள் மேற்பார்வை காரணமில்லை.

அவளைக் கூப்பிட்டுக் கேட்டபோது அழுதுகொண்டே சொன்னாள்: "நம்பிக்கையைக் காப்பாற்ற வேண்டும் என்று நீங்கள்தானே மேடம் சொல்லிக்கொடுத்தீர்கள்?" சொல்லிக்கொடுத்தது உண்மை. அதே மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு, சிகிச்சை தரும் பிற மருத்துவப் பணியாளர்களிடம் தேவையானதைச் சொல்லலாம் என்றும், உயிருக்கு ஆபத்தைத் தடுக்கத் தேவையான அளவு தகவலை வெளியிடலாம் என்றும் வழி விட்டிருப்பதையும் சொல்லியிருந்தேன். அது அவளுக்கு மறந்துவிட்டது என்பதை விட, அந்த இரண்டு நாளில் "இன்று அவர் உன்னிடம் என்ன பேசினார்?" என்று அவளை ஒருவரும் கேட்கவில்லை என்பதே என்னை உறுத்தியது. காலை சிஸ்டர் வேறு, மறுநாள் சிஸ்டர் வேறு. நான் அலுவலக அறையில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன்.

அதன்பிறகு மூன்று வழிகளையும் நான் ஒப்பிடும் அளவுகோல் ஒன்றுதான். பேச்சு முடிந்து அன்றைக்குள் மாணவியிடம் அதைக் கேட்டு வாங்கிக்கொள்ள யாராவது இருக்கிறார்களா? காவலுக்கு நிற்பதும் நேரம் பார்ப்பதும் அதற்கு அடுத்தபடிதான்.

பங்கீட்டு முறையை இந்த அளவுகோலுக்கு ஏற்றபடி நாங்கள் வெட்டித் தைத்துக்கொண்டோம். முதல் மூன்று நாள் ஆசிரியர் முழுநேரமும் வார்டில். பிறகு மூன்று அல்லது நான்கு மாணவியருக்கு ஒரு குறிப்பிட்ட செவிலியர். அவர் ஷிஃப்ட் மாறினால் மாற்று ஆள் யார் என்பதும் முன்கூட்டியே பலகையில் எழுதப்பட்டிருக்கும். காலை 8 மணியிலிருந்து 12 வரை பிள்ளைகள் அவர் பொறுப்பு. 12இலிருந்து 1 மணி வரை ஆசிரியர் வந்து உட்காருகிறார். அந்த ஒரு மணி நேரத்தில் படிப்பது பிராசஸ் ரெக்கார்டிங், அதாவது நோயாளியோடு பேசியதை மாணவி எழுதிவைத்த தாள்.

துறைக்கு வெளியே இருப்பவர்களுக்காக ஒரு வார்த்தை. நோயாளி சொன்னது ஒரு பத்தியில், மாணவி சொன்னது அடுத்ததில், அப்போது அவள் மனத்தில் ஓடியது மூன்றாவதில், ஆசிரியர் குறிப்பு கடைசியில். ஹில்டகார்ட் பெப்லாவ் 1952இல் வெளியிட்ட நூலில் செவிலியருக்கும் நோயாளிக்கும் இடையிலான உறவையே செவிலியப் பணியின் மையத்தில் வைத்தார். அந்த மரபில் வந்த கருவி இது. பெரும்பாலான பிள்ளைகள் இதை விடுதியில் இரவு உட்கார்ந்து, தாங்கள் பேசியிருக்க வேண்டியதை எழுதுவார்கள். வார்டை விட்டு வெளியே வருமுன் எழுதினால்தான் பேசியது வரும்.

சென்ற ஆண்டு ஒரு தாளில் இப்படி இருந்தது. நோயாளி: "எனக்கு யாரும் இல்லை." மாணவி: "அப்படிச் சொல்லாதீர்கள் அக்கா, நாங்கள் எல்லோரும் இருக்கிறோமே." நோயாளி: "சாப்பாடு வந்துவிட்டதா?"

"உன் பதிலுக்கும் சாப்பாட்டுக் கேள்விக்கும் நடுவில் எவ்வளவு நேரம் இருந்தது?" என்று கேட்டேன்.

"ஒரு நிமிடம் இருக்கும் மேடம். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதை எழுதத் தோன்றவில்லை."

"நாங்கள் என்றாயே, யார் யார்?"

"நான்... என் செட் பிள்ளைகள்."

"எத்தனை நாளைக்கு?"

சற்று நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "வருகிற சனிக்கிழமை வரை" என்றாள். பிறகு அவளே, "யாரும் இல்லை என்றால் யார் இல்லை என்று கேட்டிருக்கலாம் மேடம்" என்றாள். நான் எதுவும் சொல்லித்தரவில்லை. மறுநாள் போய்க் கேட்டாள். அந்த அக்காவின் மகள் ஒரு விடுதியில் தங்கிப் படிப்பது அப்போதுதான் வார்டுக்கே தெரியவந்தது.

இதை ஆசிரியர் நாள் முழுவதும் நின்றிருந்தாலும் பெற்றிருக்க முடியாது. நான் பக்கத்தில் நின்றிருந்தால் "எனக்கு யாரும் இல்லை" என்ற வாக்கியமே வந்திருக்காது. சிஸ்டரிடம் மட்டும் விட்டிருந்தால் அந்த ஒரு நிமிட மௌனம் தாளுக்கு வெளியிலேயே இருந்திருக்கும்.

பங்கீட்டு முறையின் விலையையும் சொல்லியாக வேண்டும். இரண்டு பேர் பொறுப்பு என்றால் சில நாள் யாருக்கும் பொறுப்பில்லை. அசம்பாவிதம் நடந்தால் யாரிடம் முதலில் சொல்வது என்பதில் குழப்பம் வரும், எங்களுக்கு வந்தது. இப்போது விதி எளிது: உடனடி விஷயம் எதுவானாலும் முதலில் வார்டு சிஸ்டர், பிறகு ஆசிரியர். மதிப்பெண்ணிலும் இழுபறி உண்டு. சிஸ்டர் எல்லோருக்கும் பத்துக்கு ஒன்பது போடுவார், பாவம் பிள்ளைகள் என்று. நான் ஐந்து போடுவேன்.

அதை விட ஆழமான சிக்கல், கேட்கிறவரே மதிப்பெண் போடுகிறவராக இருப்பது. தப்பாகப் பேசியதை எழுதினால் மதிப்பெண் போகும் என்றால் யார் எழுதுவார்கள்? ஆகவே தாளைக் கொடுத்தாளா, அன்றே எழுதினாளா என்பதற்கு மட்டும்தான் நான் மதிப்பெண் தருகிறேன். உள்ளே இருப்பதற்குத் தருவதில்லை. சக ஆசிரியர்கள் சிலருக்கு இது பிடிக்கவில்லை. எனக்கும் முழுத் திருப்தி என்று சொல்ல மாட்டேன், ஆனால் தாள்களில் இப்போது உண்மை கூடியிருக்கிறது.

மாணவியின் சொந்த மனநிலையும் இங்கே வருகிறது. இருபது வயதுப் பெண். அவள் வீட்டிலேயே ஓர் அண்ணனோ அம்மாவோ இதே மருந்தைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கலாம். வார்டில் அண்ணனைப் போன்ற ஒருவரைப் பார்த்துவிட்டு அவள் அன்று மதியம் சாப்பிடாமல் இருப்பதை முழுநேர ஆசிரியர் கவனிப்பார். வார்டு சிஸ்டருக்கு அவளைத் தெரியாது. இந்த ஒன்றில் முதல் வழிக்கே என் வாக்கு. நாங்கள் செய்வது, போஸ்டிங்குக்கு முந்தைய வாரம் மதிப்பெண்ணோடு தொடர்பில்லாத வேறொரு ஆசிரியர் ஒவ்வொருவரிடமும் தனியே பேசுவது. தனக்கு வேண்டாம் என்று மாணவி நினைக்கும் நோயாளியை மாற்றிக்கொள்ள அவளுக்கு உரிமை உண்டு, காரணம் கேட்பதில்லை. அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸின் 14416 எண்ணை நோயாளிகளின் குடும்பத்துக்குச் சொல்லித்தருவதற்காகப் பிள்ளைகள் எழுதிக்கொள்கிறார்கள். உங்களுக்கும் அதே எண்தான் என்று சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

நோயாளியைக் கட்டிவைப்பதைப் பார்க்கும் நாள் ஒன்று மாணவியரின் எல்லாத் தொகுதிக்கும் வரும். நோயாளியின் கையைக் கட்டிலோடு துணியால் கட்டியிருப்பார்கள். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடி மனநலக் காப்பகத் தீயில் சங்கிலியோடு எரிந்துபோன 28 பேரைப் பற்றி வகுப்பில் படித்துவிட்டு வந்த பிள்ளைக்கு இது என்ன என்று புரியாது. சங்கிலியால் கட்டுவதைச் சட்டம் எந்த நிலையிலும் அனுமதிப்பதில்லை. 97ஆம் பிரிவின்படி உடல் கட்டுப்பாடு என்பது, உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது, பொறுப்பு மனநல மருத்துவரின் அனுமதியோடு, பதிவு செய்து, தேவைக்கு மேல் ஒரு நிமிடமும் நீடிக்காமல் செய்ய வேண்டியது. தண்டனையாகச் செய்யக் கூடாது. ஆள் போதவில்லை என்ற காரணத்துக்காகவும் செய்யக் கூடாது. கடைசி வரியை வார்டு சிஸ்டர் முன்னால் படிப்பது எனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆனால் அனுமதி யாருடையது, எத்தனை மணிக்குக் கட்டினார்கள், கை வீங்கியிருக்கிறதா என்று பார்த்தது யார் என்பதை மாணவி பதிவேட்டில் தேடிப் பார்த்துவிட்டு 12 மணிக்கு வரட்டும். எதிரில் நானும் சிஸ்டரும் இருந்தால் அவர் தன் பக்கத்தையும் சொல்ல முடிகிறது. பல நேரம் அந்தப் பக்கம் நியாயமானதே.

மற்ற இடங்களுக்கு இவ்வளவு யோசிக்கத் தேவையில்லை. ஓ.பி.யில் கூட்டத்துக்கு நடுவே பிள்ளைகள் மருத்துவரின் நாற்காலிக்குப் பின்னால் சுவரோடு சுவராக நிற்பார்கள். ஆசிரியர் இருந்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் வரிசை ஒழுங்குபடுத்தும் வேலைதான் மிஞ்சும். சமூக மனநல வாரத்தில் மாவட்ட மனநலத் திட்டக் குழுவோடு அனுப்பிவிடுங்கள், வேனில் ஆசிரியருக்கு இடமும் இருக்காது. போதை மீட்பு மையத்தில் ஆண் நோயாளிகள் அதிகம் என்பதால் சில பெற்றோர் தயங்குகிறார்கள். அங்கே அந்த மையத்தின் ஆலோசகரே சரியான மேற்பார்வையாளர்.

எந்த வகை மருத்துவமனை என்பதும் முடிவை மாற்றும். கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகம் 1794இல் தொடங்கி 1871இல் இப்போதைய இடத்துக்கு வந்தது. அப்படிப்பட்ட பெரிய, பழைய நிறுவனத்தில் மனநல வார்டிலேயே பல ஆண்டு வேலை பார்த்த செவிலியர் கிடைப்பார்கள். அவர்கள் பங்கைக் கூட்டலாம். மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் சின்ன மனநல வார்டில் சிஸ்டர் சென்ற மாதம் எலும்பு முறிவுப் பிரிவிலிருந்து மாறி வந்தவராக இருக்கலாம். அங்கே நோயாளியின் பக்கத்தில் தாயோ கணவரோ எப்போதும் உட்கார்ந்திருப்பதால், ஆசிரியர் ஒருவர் கூட உட்கார்ந்தால் பேச்சு கெட்டுவிடாது. அங்கே முதல் வழியே மேல்.

செலவைப் பற்றி முதல்வர்கள் கேட்பார்கள். ஒரு மனநல ஆசிரியர், 60 மாணவியர் என்றால் ஆறு தொகுதிகள். முழுநேர மேற்பார்வை அவர் ஒருவரால் நடக்காது. 12 மணி அமர்வு மட்டும் என்றால் நடக்கும், காலையில் அவர் கல்லூரியில் வகுப்பும் எடுத்துவிட்டு வரலாம். வார்டு செவிலியர்களுக்குச் சிறு தொகை கொடுக்க அரசு மருத்துவமனைகளில் வழியில்லை. ஆகவே ஆண்டுக்கு ஒரு நாள் அவர்களைக் கல்லூரிக்கு அழைத்து, வகுப்பெடுக்கச் சொல்லி, சான்றிதழ் கொடுக்கிறோம். மாத்திரை கொடுத்துவிட்டுப் பேத்தியை விசாரிக்கும் அந்த மூத்த சிஸ்டர் சென்ற முறை வந்து, நாற்பது பிள்ளைகள் முன்னால் வெட்கப்பட்டுக்கொண்டே அதை நடித்துக் காட்டினார்.

இந்தப் பருவத்தின் முதல் தொகுதி திங்கட்கிழமை போகிறது. இன்சார்ஜ் சிஸ்டருக்கு எழுதிய கடிதத்தில் நோயாளிகளின் பட்டியலை நான் கேட்கவில்லை, அதை அவரே பார்த்துத் தருவார். கேட்டிருப்பது தினமும் 12 மணிக்கு ஓர் அறை, பதினோரு நாற்காலிகள், சாத்திக்கொள்ள ஒரு கதவு. அறை இல்லை, துணி அடுக்கும் ஸ்டோரைக் காலி செய்து தருகிறேன் என்று பதில் வந்திருக்கிறது.